பானி என்றால் தண்ணீர்

பானி என்றால் தண்ணீர் என்று செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும். பானிபூரி வண்டி வந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஒரு சொல் தெரியாமல் இருந்திருந்தால் முனியாவின் குழந்தை பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரியாத சொல்லாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பார்கள்.

நான் எழிலன். சிங்கவரம். வல்லம் போகிற ரோட்டில் ஒரு செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறேன். சூளை என்று எழுதினாலும் பேச்சில் சேம்பர்தான். அங்கே கல் அறுப்பவர்கள் எல்லோரும் பீகாரிலிருந்து, கயா பக்கத்திலிருந்து வருகிறவர்கள். தை பிறந்ததும் குடும்பத்தோடு வருவார்கள். மழைக்கு முன்னால் போய்விடுவார்கள். பி.காம். முடித்த பிறகு புனேயில் ஒரு கொரியர் குடோனில் இருந்ததால் எனக்கு இந்தி வரும். அதனால் சேம்பரில் கணக்கும் நான், வாயும் நான். கணக்கு எழுதுகிறவனை அவர்கள் முன்ஷி என்பார்கள். என்னை முன்ஷிஜி.

போன ஆடியில் என் மனைவி ஜெயஸ்ரீ இறந்துவிட்டாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. பாண்டிச்சேரியில் டாக்டர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நான் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் காலை வைக்கவில்லை. சேம்பர் ஆட்களை அழைத்துப்போனால் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

முனியா விஷயம் நடந்த அன்று வெளியிலும் இல்லை. திண்டிவனத்தில் பேங்கில் இருந்தேன். களத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நிறைமாதமாக இருந்த அவளுக்குத் தண்ணீர் போக ஆரம்பித்தது. வலி இல்லை. புருஷன் ராம்தனி ஆட்டோ பிடித்து, பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான். ஊர்ப் பெயர் வேண்டாம். ராம்தனியை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை அங்கே ஓ.பி. சீட்டு எழுதும் பர்வின் அக்காவும் முனியாவும் பின்னால் சொன்னார்கள்.

நர்ஸ் என்னம்மா என்று கேட்டிருக்கிறார். முனியா, "பானி ஜா ரஹா ஹை" என்றாள். தண்ணீர் போகிறது என்று அர்த்தம். நர்ஸுக்குப் பானி மட்டும் புரிந்தது. நல்ல மனசு. ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முனியா மறுபடி பானி என்றாள். "குடிம்மா, குடி." முனியா பாட்டிலைத் தள்ளிவிட்டு பானி, பானி என்று அழுதாள். "ஜில்லுனு கேக்குது போல" என்று இன்னொருவர் சொல்ல, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வந்தார்கள். புடவை நனைந்திருந்தது. கொடுத்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள் என்று நினைத்துப் பெட்ஷீட்டை மாற்றினார்கள். மத்தியானம் டியூட்டி மாறியது. போகிறவர் வருகிறவரிடம், "அந்த இந்திக்காரம்மா தண்ணி தண்ணின்னு உயிர எடுக்கும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் டாக்டர் பார்த்தபோது வந்த தண்ணீர் பச்சையாக இருந்தது. வயிற்றில் குழந்தை திணறுகிறது என்று அர்த்தம். 108இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆண் குழந்தை. போய்ச் சேர்வதற்குள் துடிப்பு நின்றிருந்தது.

நம் ஊர்ப் பெண்ணும் தண்ணி போவுது என்றுதான் சொல்வாள். அதே தண்ணீர்தான்.

முனியா பத்து நாள்கூடப் படுக்கவில்லை. களத்துக்கு வந்துவிட்டாள். அவளுடைய தம்பி பெண்டாட்டி ரிங்கிக்கு வைகாசியில் பிரசவம். ரிங்கி சின்னப் பெண். முனியாவுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம், குடிசையிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஊர் நர்ஸோ, ரத்தம் ரொம்பக் கம்மி, வீட்டில் பார்த்தால் உயிருக்கே ஆபத்து என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை நான் இந்தியில் சொன்னேன். ரிங்கி செங்கல்லைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் முனியா என் ஷெட்டுக்கு வந்தாள்.

"முன்ஷிஜி, மனு எழுது."

"யாருக்கு?"

"யார் படிப்பார்களோ அவர்களுக்கு."

"யாரும் படிக்க மாட்டார்கள்."

"அப்படியென்றால் பெரிய எழுத்தில் எழுது."

செத்த குழந்தைக்குப் பணம் கேட்கலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பிரசவ வார்டில் எங்கள் பேச்சு தெரிந்த ஒரு பொம்பளை. பகலில் ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. இரண்டு பேர் கிடைக்காவிட்டால் ஒருத்தி.

எழுதினேன். பெண்கள் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். ரிங்கிக்கு எழுதத் தெரியும். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் போய்த்தான் ஆகவேண்டுமா என்று கேட்டாள். ஆள் போட்டால் போவாயா என்றாள் முனியா. போட்டால் பார்க்கலாம் என்றாள் ரிங்கி.

முதலாளி ஆதிமூலம் வந்தார்.

"இன்னா எழிலு, சேம்பர்ல சங்கம் வெச்சிட்டியா?"

"மனு முதலாளி. ஆஸ்பத்திரிக்கு."

"சேம்பர் பேரு இருக்குதா அதுல?"

"இல்ல."

"என் பேரு?"

"இல்ல."

"அப்ப எனக்கு இன்னாத்துக்குக் காட்டற? ஒரு நாள் வேல கெட்டுது." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "பஸ்ல போவாத. அந்த டாடா ஏஸ எடுத்துக்கினு போ. பஸ்ல போனா நீங்க போறதுக்குள்ள அவன் சாப்பிடப் பூடுவான். அந்த வேலயும் கெடும்."

மனு நாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வரிசை. முனியாவும் ரிங்கியும் இன்னும் சில பெண்களும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு பாட்டி ரிங்கியின் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அன்று நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இவங்கள்லாம் நம்ம மாவட்டமா?"

"வேல செய்யறது நம்ம மாவட்டம் சார்."

"ஓட்டு?"

"பீகார்ல."

"அப்ப அங்கதான குடுக்கணும்?"

"பிரசவம் இங்க ஆவுது சார்."

சிரித்தார். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். "தமிழ் கத்துக்கச் சொல்லுங்க தம்பி. நாம அங்க போனா இந்தி கத்துக்கறமா இல்லியா? நீங்களே கத்துக்கினு வந்திருக்கீங்க."

என்ன சொல்கிறார் என்று முனியா கேட்டாள். சொன்னேன். அவள் அதிகாரியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கல்லு. மண்ணு. சீக்கிரம். ஒடஞ்சது. லீவு இல்ல. நாளைக்கு."

"பரவால்லியே, நல்லா பேசறாங்களே" என்றார் அதிகாரி.

எல்லாம் சேம்பரில் நாங்கள் சொல்லிக்கொடுத்த சொற்கள். முனியா என் பக்கம் திரும்பி இந்தியில், "இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இவரைப் பிள்ளை பெறச் சொல்" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

பங்குனி போய்ச் சித்திரையில் என் போனுக்கு மெசேஜ் வந்தது. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு மேற்படி நிலையத்தில் இந்தி மொழி உதவியாளர் நியமிக்கப்பட்டுள்ளார். மனு முடிக்கப்பட்டது. படித்துச் சொன்னேன். பெண்கள் கை தட்டினார்கள். ராம்தனி செஞ்சிக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தான். முனியா ஒரு துண்டை ரிங்கியின் வாயில் திணித்து, "இப்போது என்ன சொல்கிறாய்?" என்றாள். ரிங்கி மென்றுகொண்டே சரி என்றாள்.

அந்த வாரமே ரிங்கியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனோம். முனியாவும் அவளும் உள்ளே போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில். கொஞ்ச நேரத்தில் பர்வின் அக்கா வெளியே வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். முகம் சிவந்திருந்தது.

"மனு எழுதனவன் நீதானா தம்பி?"

"ஆமாக்கா."

"நல்லா இருப்ப நீ." வாழ்த்து இல்லை அது. "என்னப் போட்டிருக்காங்க. இந்தி பேசறதுக்கு. போர்டுல பேர எழுதி போன் நம்பரும் எழுதிட்டாங்க."

"உங்களுக்கு இந்தி தெரியுமாக்கா?"

"எங்கேர்ந்து தெரியும்? எங்க அத்தா தமிழு. அவங்க அத்தாவுக்கு அத்தா இதே செஞ்சியில தமிழ்லதான் ஏவாரம் பண்ணாங்க. நாங்க தொழுவறது அரபு, சண்ட போடறது தமிழு. நடுவுல இந்திக்கு எங்க போறது? உருது பேசறவங்க வேற தம்பி. அவங்க வேற தெரு. யாரு கேட்டா? மேலேர்ந்து போன் வந்துச்சாம், இந்தி தெரிஞ்ச ஸ்டாஃப் இருக்காங்களான்னு. பேருங்கள பாத்திருக்காங்க. பர்வின். அவ்ளோதான்."

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. கொஞ்சமாவது தெரியும்லன்னு கேட்டாங்க. பானின்னா தண்ணின்னு தெரியும் மேடம்னேன். பாத்தியா, தெரியுது பாருன்றாங்க."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பர்வின் அக்கா அவரை முறைத்தார்.

அன்று மாலையே மனு கொடுத்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஆள் போட்டாச்சே தம்பி."

"அவங்களுக்கு இந்தி தெரியாது சார்."

"முஸ்லிம்தான?"

"தமிழ் முஸ்லிம் சார்."

"அப்படி வேற இருக்குதா?"

"சார், நீங்க இந்த ஊருதான?"

"சரி விடுங்க. முடிச்ச மனுவ தொறக்க முடியாது. புதுசா ஒண்ணு குடுங்க. ஆனா அதே விஷயம்னா முடிஞ்சதாத்தான் கம்ப்யூட்டர் காட்டும்."

புதிதாக ஒன்று கொடுத்தேன். முடிந்ததாகக் காட்டியது.

டாக்டர் ஷோபனாவைப் பார்க்க வேண்டும் என்று பர்வின் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். உள்ளே வரச் சொன்னார். நான் போகவில்லை. கடைசியில் அவரே ஸ்டெதஸ்கோப்போடு கேட்டுக்கு வந்தார். இதற்காகவே அவரைத் திட்ட மனம் வரவில்லை.

"ஒரு நர்ஸ் போஸ்ட் காலியா கிடக்கு. அதுக்கே ஆள் தரல. இந்திக்கு ஆள் கேட்டா சிரிப்பாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

"ரிங்கிக்கு வலி வந்தா நான் வந்து வார்டு வாசல்ல நிக்கறேன் மேடம். ஒரு வார்த்த புரியலன்னா கேளுங்க."

"ஆண்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. மத்த பெண்கள் இருக்காங்க இல்ல?"

"போன்ல?"

"வார்டுல போன் கூடாது. போன வருஷம் ஒருத்தர் வீடியோ எடுத்துப் போட்டுட்டார். நீங்க இங்கயே இருங்க. தேவைப்பட்டா கூப்பிடறோம்."

"தேவப்படுதுன்னு எப்படித் தெரியும் மேடம்? முனியாவுக்கும் எல்லாருக்கும் புரிஞ்சமாதிரிதான இருந்துச்சு?"

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பர்வின் அக்கா ஸ்கூட்டியில் சேம்பருக்கே வந்துவிட்டார்.

"பேரு போர்டுல ஏறிடுச்சு. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா என்னத்தான் கேப்பாங்க. சொல்லிக்குடு தம்பி."

அங்கேதான் என் வண்டவாளம் தெரிந்தது. என் இந்தி குடோன் இந்தி. பார்சல், எடை, பில், லாரி. டெலிவரி என்ற சொல்லை நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அது வேறு டெலிவரி. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அங்கே நான் கேட்ட சொற்கள் எல்லாம் கெட்ட வார்த்தைகள். பர்வின் அக்கா ஒன்று கேட்டார். நான் முழித்தேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் முழித்தேன். முனியாவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"முன்ஷிஜி, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்."

புகைபோக்கியைப் பார்த்து உட்கார்ந்தேன். அதற்குப் பின்னால் கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் கையாலும் வாயாலும் பேசினார்கள்.

"இது?"

"பேட்."

"வயிறு. சொல்லு, வயிறு."

"வைர்."

"வைரமா? எங்கிட்ட ஏது வைரம்? வயிறு."

ரிங்கி சிரித்தாள். வலி, வாந்தி, ரத்தம், குழந்தை அசையவில்லை என்று ஒவ்வொன்றாகப் போனது. நடுநடுவே என்னிடம் ஒரு சொல் கேட்பார்கள். தெரிந்தால் புகைபோக்கியிடம் சொல்வேன்.

"பானி" என்றாள் முனியா.

"இது எனக்குத் தெரியும்மா. தண்ணி."

பாட்டிலைத் திறக்கும் சத்தம். முனியா ஒரு வாய் குடிக்கும் சத்தம். "பானி" என்றாள். பிறகு தண்ணீர் மண்ணில் விழும் சத்தம். காலடியில் ஊற்றினாள் போலிருக்கிறது. மெதுவாக, பாட்டில் தீரும் வரை. "பானி" என்றாள்.

"அல்லா" என்றார் பர்வின் அக்கா. "அதுக்கு நாங்க தண்ணி ஒடஞ்சிடுச்சும்போம். பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு, தண்ணி ஒடஞ்சிடுச்சு. அப்படிச் சொன்னா யாரா இருந்தாலும் ஓடி வருவாங்க. தண்ணி ஒடஞ்சது. சொல்லு."

"ஒடஞ்சது?"

"ஆமா."

முனியா என்னைக் கூப்பிட்டாள். "முன்ஷிஜி, சாயங்காலம் கல் எண்ணும்போது உடைந்த கல்லை ஒதுக்கிவிட்டு நீ சொல்வாயே, ஒடஞ்சது. இது அதேதானா?"

"அதேதான்."

"அந்தச் சொல் எனக்கு அன்றைக்கும் தெரியும்."

நான் திரும்பவில்லை. இரண்டு சொற்கள். இரண்டையும் ஒட்டவைக்க ஒருவர் வேண்டியிருந்தது. அதைத்தான் மனுவில் கேட்டிருந்தோம்.

அன்றிலிருந்து ரிங்கி கல் அடுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். தண்ணி ஒடஞ்சது, தண்ணி ஒடஞ்சது. என்னைவிட நன்றாகச் சொன்னாள். முதலாளி ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான இருக்குது? இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு இப்டி சொல்லுது?" என்றார். அப்போது சிரித்தேன். அதில் இருந்த விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வைகாசியில் ஒரு காலையில் ரிங்கிக்கு இடுப்பு வலி எடுத்தது. டாடா ஏஸில் பின்னால் வைக்கோல் போட்டு, மேலே படுதா விரித்து அழைத்துப்போனோம். முனியா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள். ரிங்கி வாசலில் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஓ.பி. ஜன்னலில் வேறு யாரோ இருந்தார்கள். பர்வின் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வல்லத்துல முகாமுக்கு அனுப்பிட்டாங்க தம்பி. நேத்து சாயங்காலம்தான் சொன்னாங்க. டாக்டரம்மாவுக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். வார்டுல புதுசா ஒரு சிஸ்டர். அவங்களத்தான் பாக்க முடியல."

வெயில் ஏறியது. பெஞ்சின் மறுமுனையில் துப்புரவுப் பணியாளர் சுந்தராம்பாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். வார்டு வராந்தாவிலிருந்து புது நர்ஸ் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"சுந்தராம்பாக்கா! தண்ணி பைப்பு ஒடஞ்சிடுச்சாம். பாத்ரூமா இன்னான்னு பாருங்க."

"மறுபடியுமா? போன வாரம்தான மாத்தனாங்க." சுந்தராம்பாள் டம்ளரை வைத்தார். "யாரு சொன்னது?"

"அந்த இந்திக்காரங்க ரெண்டு பேரும் சொல்லிக்கினே இருக்காங்க. ஒடஞ்சது ஒடஞ்சதுன்னு."

"மெயின் வால்வ மூடணும்" என்று சொல்லிக்கொண்டே சுந்தராம்பாள் கட்டடத்துக்குப் பின்னால் போனார்.

நான் எழுந்தேன். கேட்டைத் தாண்டினேன். வாட்ச்மேன், "தம்பி, தம்பி, ஆம்பள உள்ள போவக்கூடாது" என்று பின்னாலேயே வந்தார். வராந்தாவில் அந்த வாசனை. பாண்டிச்சேரியில் இருந்த அதே வாசனை. கால் நின்றது. வாட்ச்மேன் என் சட்டையைப் பிடித்தார். நல்லதாகப் போயிற்று. பிடித்ததும் இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

ரிங்கி கட்டிலில் இருந்தாள். முனியா அவள் கையைப் பிடித்திருந்தாள். இருவரும் சேர்ந்து, திருத்தமாக, சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணி ஒடஞ்சது. நர்ஸ் மற்றொரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டே, "ஆளு போயிருக்காங்கம்மா, இப்ப சரி பண்ணிடுவாங்க" என்று பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பைப்பு இல்ல. பனிக்குடம்."

"யார் நீ? ஆம்பளய யாரு உள்ள வுட்டது?"

"பனிக்குடம் சிஸ்டர். அதத்தான் சொல்றாங்க."

இரண்டு கட்டில்களில் இருந்த பெண்கள் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னைத் திட்டினாள். நியாயம்தான். நர்ஸ் ரிங்கியின் துணியை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "மேடம்!" என்று கத்திக்கொண்டே என்னை இரண்டு கையாலும் வெளியே தள்ளினார். டாக்டர் ஷோபனா ஓடி வந்தார். கதவு சாத்தப்பட்டது.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். முனியா வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"சரியாகத்தானே சொன்னோம் முன்ஷிஜி?"

"சரியாகத்தான் சொன்னீர்கள்."

"பிறகு ஏன்?"

பைப் கதையைச் சொன்னேன். "அங்கே பைப் உண்மையிலேயே அடிக்கடி உடையுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அதையும் மனுவில் எழுது" என்றாள்.

மறுநாள் என் மேல் புகார். பெண்கள் வார்டில் அத்துமீறி நுழைந்தேன் என்று. வாட்ச்மேனுக்கு மெமோ. மன்னிப்பு எழுதிக்கொடுத்துவிட்டால் விட்டுவிடுவதாக டாக்டர் சொல்லி அனுப்பினார். முதலாளி, "ஒரு லெட்டர்தான? எழுதித் தொல. போலீசு கீலீசுன்னு சேம்பர் பக்கம் வந்துடப் போறான்" என்றார்.

எழுதினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ வார்டில் அனுமதியின்றி நுழைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்த பெண்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் நான் நுழையத் தேவையில்லாதபடி, இந்தி தெரிந்த பெண் ஒருவரை அங்கே நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பாத்ரூம் பைப்பையும் மாற்றவும். இப்படிக்கு. கீழே முனியாவும் மற்றவர்களும் கைநாட்டு வைத்தார்கள். மன்னிப்புக்கு அவர்கள் எதற்கு என்று கேட்டேன். நீ எங்களுக்காகத்தானே நுழைந்தாய் என்றாள் முனியா.

அதை நானே உள்ளே கொண்டுபோனேன். இந்த முறை கேட்டில் யாரும் தடுக்கவில்லை. டாக்டர் ஷோபனா படித்தார்.

"இது மன்னிப்பா, மனுவா?"

"ரெண்டும் மேடம்."

"மேல அனுப்பினா, இந்த மனு முடிஞ்சிடுச்சுன்னு திருப்பி அனுப்புவாங்க."

"மன்னிப்புன்னு அனுப்புங்க. அதப் படிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைத் தட்டில் வைத்தார். அதன் மேல் வேறொரு ஃபைலை வைத்தார்.

வெளியே வந்தேன். ஓ.பி. ஜன்னலில் வரிசை. உள்ளே பர்வின் அக்கா. அவர் தலைக்கு மேலே போர்டு. இந்தி மொழி உதவி: பர்வின். வரிசையின் முன்னால் எங்கள் ராம்தனி நின்றிருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியபடி, "சக்கர்" என்றான். "சக்கர் ஆ ரஹா ஹை."

"சக்கரையாம்மா" என்று பின்னால் நின்றவர் உதவினார். "சுகர் லைன்ல போவச் சொல்லுங்க."

பர்வின் அக்கா சீட்டில் எழுதத் தொடங்கினார். காலையில் வெறும் வயிற்றோடு வரவும் என்ற சீலையும் கையில் எடுத்துவிட்டார். அப்படியே நிறுத்தினார். கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சக்கர்னா இன்னா?"

அந்தக் கட்டடத்தில் ஒருவர் அர்த்தம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தலசுத்தல் அக்கா."

அவர் எழுதியதை அடித்தார். சீலைக் கீழே வைத்தார். ராம்தனியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தை மாசத்துலேர்ந்து உங்க ஆளுங்க எத்தினி பேர அந்த லைனுக்கு அனுப்பியிருக்கேன், தெரியுமா?" என்றார்.